வத்தும் பெருக்கும்

குறிகட்டுவான் துறையில் ஒன்பது மணிப் படகு
ஒன்பதே காலுக்கும் கட்டவிழ்க்கவில்லை.
மரக்கறி மூட்டை, இரண்டு காஸ் சிலிண்டர்,
ஒரு மோட்டார் சைக்கிள், குடையோடு வாத்தியார்மார்,
மடியில் ரசீதுப் புத்தகத்தோடு நான்.
நெடுந்தீவில் மூன்று பேர் இன்னும் தவணை கட்டவில்லை.

போன ஆவணியில் இதே செருப்போடு
சான்சிபாரில் நின்றேன்.
இலக்கை எட்டிய பதினொரு பேரைக்
கம்பனி கொண்டுபோனது.
எப்படி எட்டினாய் என்று கேளாதீர்கள்.
பெரியண்ணன் பெயரில் இரண்டு பொலிசி இருக்கிறது,
ஒன்றுதான் அவனுக்குத் தெரியும்.

இறங்கியதும் கரிபு, கரிபு என்றார்கள்.
வருக என்று பொருளாம்.
யசிந்தா அக்கா உதட்டை நக்கிப் பார்த்துவிட்டு
ஓம், கரிக்குதுதான் என்றா.
நாலு நாளும் அதுவே எங்கள் பகிடி.
பெண்களை அங்கே மாமா என்கிறார்கள்.
மாமா, மாமா, நல்ல விலை என்று
சாயத்துணி தூக்கிக்கொண்டு பெடியள் பின்னால் வர
ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தார்
எட்டு மருமக்களுக்குத் தாய்மாமனான மரியதாஸ்.

ஹோட்டலுக்கு முன்னால் கடல்
கலண்டரில் இருப்பதுபோலவே இருந்தது.
விடிய எழும்பிப் பார்த்தால் இல்லை.
ஒரு கட்டை தூரத்துக்கு வத்திக் கிடந்தது.
கடலைக் காணவில்லை என்று
வரவேற்பு மேசையில் ஒருத்தர் முறைப்பாடு.
எனக்குச் சிரிப்பு.
மண்டைதீவுக்காரிக்கு
முழங்கால் அளவுக் கடல் புதிதா?

வத்தின இடமெல்லாம் தடி, தடிக்குத் தடி கயிறு,
கயிற்றில் பாசி, குனிந்த பெண்கள்.
கிட்டப் போய் ஒருத்தியைப் படம் எடுத்தேன்.
மஞ்சள் முக்காடு, ஊதாப் பாசி,
காலடியில் வானம். நல்ல படம்.
அவள் நிமிர்ந்து கையை நீட்டினாள்.
காசுக்கென்று நினைத்துப் பையைத் துழாவினேன்.
போனைக் கேட்டாள்.
வாங்கித் தன்னைப் பார்த்தாள், கனநேரம்.
பிறகு அதைத் திருப்பிப் பிடித்து
என்னை ஒன்று எடுத்தாள்.
சைத்தூனி என்றாள். என் பெயரைக் கேட்டுச்
சொல்லிப் பார்த்துப் பாதியில் விட்டாள்.
அந்தப் படத்தில் எனக்குக் கண் மூடியிருக்கிறது,
தொப்பி கோணல்,
முதுகுக்குப் பின்னால் ஹோட்டல் குடை முளைத்திருக்கிறது.
ஒருத்தருக்கும் காட்டவில்லை.

திரும்பி வந்தபின் எப்படி, எப்படி என்றார்கள்.
முருகைக்கல் மதில், தென்னை, நண்டுக்கறி,
வாங்குச் சத்தம், பின்னேரம் கரண்ட் இல்லை என்றேன்.
அப்ப இஞ்சையே நிண்டிருக்கலாமே என்றா மச்சாள்.
இருக்கலாம்.
ஆனால் இங்கே ஒருத்தரும் என்னைக்
கூலிங் கிளாஸோடு கண்டதில்லை.

படகு அசைகிறது. நயினாதீவு ஒரு பக்கம் ஒதுங்குகிறது.
எதிர்ப் பலகையில் ஒரு சுற்றுலாப் பெடியன்,
கொழும்போ பெர்லினோ,
காதில் வளையம், கழுத்தில் கமரா.
பெருக்குமரம் பார்க்கப் போகிறானாம்.
ஆபிரிக்க மரம், முந்தி
அரபுக் கப்பற்காரர் கொண்டுவந்தது என்பார்கள்.
சைத்தூனியின் ஊரில் அதிலே சைக்கிளைச் சாத்திவைத்திருந்தார்கள்.
இங்கே பொந்துக்குள் புகுந்து நின்று படம் எடுப்பார்கள்.
பெருக்கென்றால் கடல் ஏறுவது.
வெயில் காயும் தரவையில் நிற்கிற மரத்துக்கு
அந்தப் பெயரை வைத்தவர்
எந்தக் கரையில் நின்று வைத்தாரோ.

ஒரு அலை ஏறி மேலே விழுகிறது.
ரசீதுப் புத்தகம் நனைந்துவிட்டது.
சேலைத் தலைப்பால் ஒவ்வொரு தாளாய் ஒற்றுகிறேன்,
இக்னேசியஸின் தவணை, அவன் மனைவியின் தவணை,
மை கரைந்து நீலமாய் இறங்க,
கிளிக்.

நிமிர்ந்தால், பெடியன் சிரித்துத் தலையாட்டுகிறான்
அனுமதி வாங்கியவன் மாதிரி.
நல்ல படமாய்த்தான் இருக்கும்.
உதடு கரிக்கிறது.
கையை நீட்டுகிறேன்.

அவன் காற்சட்டைப் பைக்குள்
சில்லறை தேடுகிறான்.